வண்டி வாங்கித் தந்தால் போதுமா?

சென்ற பொங்கல் விழாவில் சாப்பாட்டுப் பந்தியில் என் பக்கத்தில் அமர்ந்திருந்த நண்பர் மனம் நொந்து பேசினார். "பையனுக்குக் கடன் போட்டு மோட்டார் சைக்கிள் வாங்கித் தந்தேன் சார். இப்போது பந்தயத் தடத்தில் ஓட்டக் கற்றுத் தரும் பள்ளிக்குப் போக வேண்டுமாம், பணம் கேட்கிறான். ரேஸ் பைத்தியம். நீங்களாவது புத்தி சொல்லுங்கள்" என்றார். பாயசம் வந்துவிட்டதால் அன்று பதில் சொல்ல முடியவில்லை. அதை இங்கே எழுதுகிறேன். அனுப்புங்கள் என்பதே என் பதில். ஆனால் எந்தப் பள்ளி என்று பார்த்து அனுப்புங்கள்.

நான் டிப்ளமா முடித்து, ரயில்வேயில் பெர்மனன்ட் வே இன்ஸ்பெக்டராகச் சேர்ந்து, உதவிப் பொறியாளராக ஓய்வு பெற்றவன். வண்டி ஓட்ட என் இளைய மகனுக்கு நானேதான் கற்றுக் கொடுத்தேன். 2013ல், காலனி மைதானத்தில், என் பழைய ராஜ்தூத்தில். "பின் பிரேக்கை மட்டும் மிதி. முன் பிரேக்கைத் தொட்டால் தூக்கி எறிந்துவிடும்" என்று பத்துத் தடவையாவது சொல்லியிருப்பேன். எனக்கு என் அண்ணன் சொன்னது அது. ஆர்.டி.ஓ. மைதானத்தில் எட்டுப் போட்டுக் காட்டினான், லைசென்ஸ் வந்தது. பாடம் முடிந்தது என்று நினைத்தோம்.

2022 நவம்பரில் காம்ப்டி சாலையில் ஒரு வளைவில் டிராக்டர் ஒன்று குறுக்கே வந்தது. அவன் பின் பிரேக்கை முழுப் பலத்தோடு மிதித்தான். அவனுடைய 160 சி.சி. வண்டியில் ஏ.பி.எஸ். முன் சக்கரத்துக்கு மட்டும்தான். பின் சக்கரம் இறுகி நின்று, வண்டி பக்கவாட்டில் வழுக்கியது. கழுத்தெலும்பு முறிந்து பிளேட் வைத்தார்கள். அந்த ஆண்டு நம் நாட்டுச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இரு சக்கர வண்டியில் போனவர்கள். என் மகன் அந்தக் கணக்கில் சேராமல் தப்பினான். ஆஸ்பத்திரி வராந்தாவில் என் மனைவி என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அவன்தான் மறுநாள், "நீங்க சொன்ன மாதிரிதாம்பா மிதிச்சேன்" என்றான். குற்றம் சாட்டிச் சொன்னதல்ல. அதுதான் கஷ்டமாக இருந்தது.

பிறகு காகிதமும் பென்சிலும் எடுத்துக் கணக்குப் போட்டேன். முதலிலேயே போட்டிருக்க வேண்டியது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில், காய்ந்த சாலையில், இரண்டு பிரேக்கையும் சரியாகப் பிடித்தால் வண்டி சுமார் 20 மீட்டரில் நிற்கும். பின் பிரேக் மட்டும் என்றால் கிட்டத்தட்ட இரட்டிப்புத் தூரம். பிரேக் பிடித்ததும் பாரம் முன் சக்கரத்துக்குப் போய்விடுகிறது. பின் சக்கரத்துக்குப் பிடிப்புக் குறைகிறது. முன் பிரேக்கைத் திடீரென்று கவ்வாமல், படிப்படியாக அழுத்தப் பழக வேண்டும். அந்தப் பழக்கம் விரலுக்கு வர வேண்டுமே தவிர, புத்திக்கு வந்து பயனில்லை.

வளைவும் அப்படித்தான். ரயில் பாதையில் வளைவு வந்தால் வெளித் தண்டவாளத்தை உயர்த்திப் போடுகிறோம். அகலப் பாதையில் 165 மில்லிமீட்டர் வரை. வண்டியைச் சாய்க்கும் வேலையைப் பாதையே செய்துவிடுகிறது. மோட்டார் சைக்கிளில் அந்தச் சாய்வை ஓட்டுகிறவன் கொடுக்க வேண்டும். 50 மீட்டர் ஆரமுள்ள வளைவில் 60 கிலோமீட்டர் வேகம் என்றால் சுமார் 30 பாகை. பயந்தவன் சாய மாட்டான், நிமிர்வான். நிமிர்ந்தால் வண்டி வளைவை விட்டு வெளியேதான் போகும். கண் எந்த லாரியைப் பார்த்து மிரள்கிறதோ அங்கேயே வண்டியும் போகும்.

இதைச் சாலையில் பழக முடியாது. மணலும் நாயும் மாடும் எதிர் லாரியும் உள்ள இடத்தில் தவறு செய்து பார்க்க இடமில்லை. தடத்தில் அதே வளைவு சில நிமிடங்களில் திரும்ப வருகிறது. ஒரு தவறை அடுத்த சுற்றில் திருத்தலாம். மராம்ஜிரி மலைப்பாதையில் ஒரே வளைவை 20 மீட்டர் கயிறு பிடித்துத் திரும்பத் திரும்ப வெர்சைன் அளந்தவன் நான். திரும்பச் செய்வதன் அருமை எனக்குத் தெரியும்.

ஆனால் முதலில் நாங்கள் போன முகாம் எங்களை ஏமாற்றியது. பெயர் வேண்டாம். நாற்பது பேருக்கு இரண்டு ஆசிரியர்கள். அரை மணி நேரப் பேச்சு. உடனே எல்லோரையும் தடத்தில் இறக்கி, சுற்றுக்கு எத்தனை வினாடி என்று பலகையில் எழுதினார்கள். பிள்ளைகள் ஒருவரை ஒருவர் முந்தத் தொடங்கினர். ஆம்புலன்ஸ் எங்கே என்று கேட்டேன். போன் செய்தால் வரும் என்றார்கள். மதியமே கிளம்பிவிட்டோம். பணம் போயிற்று.

அடுத்த முறை இருங்காட்டுக்கோட்டை. ஸ்ரீபெரும்புதூர் அருகே 1990ல் திறந்த தடம், சுற்றளவு 3.7 கிலோமீட்டர். அதற்கு முன் சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம் நடந்ததை நம் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இந்தப் பள்ளியில் ஒரு மணி நேரம் வகுப்பு, பிறகு தடம், மறுபடி வகுப்பு. ஒரு சுற்றுக்கு ஒரே ஒரு பாடம். முதல் பாடத்தில் ஒரே கியர், பிரேக்கே கூடாது. ஆக்சிலரேட்டரை மட்டும் வைத்து வளைவுக்கு ஏற்ற வேகத்தைக் கணிக்க வேண்டும். மூன்று மாணவருக்கு ஓர் ஆசிரியர் பின்னாலேயே வந்து, இறங்கியதும் தவறைச் சொன்னார். ஸ்டாப் வாட்ச் கிடையாது. டாக்டரும் ஆம்புலன்சும் தடத்தருகிலேயே நின்றன. நான் வேலிக்கு வெளியே இரண்டு நாள் வெயிலில் உட்கார்ந்து பார்த்தேன்.

ஆகவே நண்பரே, பணம் கட்டுமுன் ஓர் ஆசிரியருக்கு எத்தனை மாணவர் என்று கேளுங்கள். பிரேக்குக்குத் தனிப் பாடம் உண்டா, புதியவர்களைத் தனியே ஓட்ட வைப்பார்களா என்று கேளுங்கள். விளம்பரத்தில் முழங்கால் தரையில் உரசும் படம் மட்டுமே இருந்தால் யோசியுங்கள். தடத்தில் விழுந்தால் சாதாரண வண்டி இன்ஷூரன்சை நம்ப வேண்டாம். பந்தயம், வேகச் சோதனை போன்றவற்றை பாலிசி விலக்குகிறது. கையெழுத்துக் கேட்கும் பாரத்தை முழுவதும் படியுங்கள். வண்டியும் தோல் உடையும் அவர்களே தந்தால் நல்லது. சொந்த வண்டிதான் வேண்டும் என்றால் ரயில் பார்சலில் அனுப்பலாம், பெட்ரோலை வடித்துவிட்டு.

கோயம்புத்தூரில் 2003 முதல் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது, சிறிய தடம். டில்லிப் பக்கம் உறவினர் உள்ளவர்கள் கிரேட்டர் நொய்டாவின் புத்தா தடத்தைச் சொல்வார்கள். 2011ல் திறந்தது, 5.125 கிலோமீட்டர். அங்கே ஒரு கிலோமீட்டருக்கு மேல் நேர்ப்பாதை உண்டு. புதியவன் அங்கே கற்பது வேகமானியைப் பார்ப்பதைத்தான் என்பது என் எண்ணம். முதல் பாடத்துக்குச் சிறிய தடமே மேல். கோடை விடுமுறைக்கு எப்படியும் ஜி.டி.யில் ஊருக்குப் போகிறோம். அதில் இரண்டு நாள் ஒதுக்கினால் போயிற்று.

செலவு? ரயில் டிக்கெட் உள்பட வண்டி விலையில் ஐந்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை. பக்கத்து வீட்டைத் தூங்க விடாத சைலன்சருக்கு அதில் பாதி கொடுக்கிறவர்களை எனக்குத் தெரியும்.

அதுவும் முடியாதவர்களுக்காகச் சங்கச் செயலாளரிடம் ஒரு விண்ணப்பம் கொடுத்திருக்கிறேன். கூடத்துக்குப் பின்னாலுள்ள மைதானத்தை ஞாயிறு காலை ஆறிலிருந்து எட்டு மணி வரை தந்தால், என் மகன் முன் பிரேக் பிடிக்கக் கற்றுத் தருவதாகச் சொல்கிறான். சுண்ணாம்புக் கோடு போட்டு தூரம் அளப்பது என் பொறுப்பு. ஹெல்மெட் இல்லாமல் வருபவர்களுக்கு அனுமதி இல்லை. முதல் மாணவனாக என் பெயரை நானே எழுதிக் கொடுத்துவிட்டேன்.