மெழுகுதிரி ஏந்திய இளையோரும் முதிய ஆயர்களும்

1989 நவம்பர் 17. செக்கோஸ்லோவாக்கியாவின் தலைநகர் பிராக்கில் ஆயிரக்கணக்கான மாணவர்கள் ஊர்வலமாகச் சென்றனர். 50 ஆண்டுகளுக்கு முன் இதே நாளில் நாத்சிகள் செக் பல்கலைக்கழகங்களை மூடியதை நினைவுகூரவே அவர்கள் கூடினர். ஆனால், அன்று அவர்கள் எழுப்பிய குரல் தங்களை ஆண்ட கம்யூனிச அரசுக்கு எதிரானதாக இருந்தது. நரோத்னி வீதியில் காவல்துறை வழிமறித்தபோது அவர்கள் மெழுகுதிரி ஏற்றினர். காவலர்களுக்குப் பூக்களை நீட்டினர். வெறுங்கைகளை உயர்த்திக் காட்டினர். தடியடியில் நூற்றுக்கணக்கானோர் காயமடைந்தனர்.

அடிபட்ட மாணவர்கள் திருப்பி அடிக்கவில்லை. வகுப்புகளைப் புறக்கணித்து, தொழிற்சாலைகளுக்குச் சென்று தொழிலாளர்களிடம் நடந்ததை எடுத்துரைத்தனர். நவம்பர் 27இல் நாடெங்கும் 2 மணிநேர வேலைநிறுத்தம் நடைபெற்றது. 41 ஆண்டுகாலக் கம்யூனிச ஆட்சி சரிந்தது. டிசம்பர் 29இல் வாட்ஸ்லாவ் ஹாவெல் குடியரசுத் தலைவரானார்.

இந்நாள்களில் இளையோருடன் நின்றவர்களுள் ஒருவர், பிராக் பேராயர் கர்தினால் தொமாஷெக். அப்போது அவருக்கு வயது 90. 1949இல் இரகசியமாக ஆயர்நிலைத் திருப்பொழிவு பெற்று, பின்னர் சில ஆண்டுகள் முகாமில் அடைக்கப்பட்டிருந்தவர் அவர். நவம்பர் 25 அன்று, போஹிமியாவின் புனித ஆக்னஸுக்காக நடந்த நன்றித் திருப்பலியில், திருச்சபை மக்களின் பக்கம் நிற்கிறது என்று அவர் வெளிப்படையாக அறிவித்தார்.

எல்லாப் போராட்டமும் இவ்வாறு முடிவதில்லை. அதே 1989 ஜூனில் பெய்ஜிங்கின் தியானன்மென் சதுக்கத்தில் கூடிய மாணவர்களை இராணுவம் ஒடுக்கியது. 2019இல் ஹாங்காங் இளையோர் பெருந்திரளாகப் போராடினர். அவர்களில் கைதானவர்களுக்கு உதவிய நிதியத்தின் பொறுப்பாளர்களுள் ஒருவரான கர்தினால் ஜோசப் சென், 2022 மே மாதம் கைது செய்யப்பட்டார். அவருக்கும் அப்போது வயது 90. நிதியத்தைப் பதிவு செய்யவில்லை என்று அதே ஆண்டு நவம்பரில் நீதிமன்றம் அபராதம் விதித்தது.

ஒருவர் வெற்றியைக் கண்டார்; மற்றவர் நீதிமன்றப் படியேறினார். ஆயினும் இருவரின் சாட்சியமும் ஒன்றே. ஆண்டவரின் குரலைக் கேட்டவன் சிறுவன் சாமுவேல். அது யாருடைய குரல் என்று உணர்ந்து அவனுக்கு வழிகாட்டியவர் முதியவர் ஏலி. இளையோர் நியாயம் கேட்கும்போது, 'உங்களுக்கு என்ன தெரியும்?' என்று நாம் எளிதாகக் கேட்டுவிடுகிறோம். வெற்றி உறுதி என்றால் துணைநிற்க எல்லாருமே வருவர். தோல்வி தெரிந்தும் அவர்கள் அருகில் நிற்க நாம் தயாரா? சிந்திப்போம்.