முதலில் தண்ணி லாரி, குப்பை லாரி

கனரக லாரி மின்சாரத்தில் ஓடுமா என்று கேட்டால் பலருக்கும் உடனே நினைவுக்கு வருவது நெடுஞ்சாலைதான். ஸ்ரீபெரும்புதூர், வாலாஜா எல்லாம் தாண்டி, கிருஷ்ணகிரிப் பக்கம் மேட்டில் முக்கி ஏறும் டாரஸ் லாரி. பெங்களூர் போய்த் திரும்ப எழுநூறு கிலோமீட்டர். அதற்கு எவ்வளவு பெரிய பேட்டரி வேண்டும், வழியில் எங்கே சார்ஜ் போடுவது என்ற கேள்வியோடு பேச்சு நின்றுவிடுகிறது. கேள்வி நியாயமானது. ஆனால் தொடக்கத்தை அங்கே தேடுவதால்தான் தொடங்காமலே இருக்கிறோம். மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் அடையாறிலும் நம் வாசல் வரைக்கும் வந்து போகிற கனரக லாரிகள் இரண்டு உண்டு. ஒன்று தண்ணி லாரி, இன்னொன்று குப்பை லாரி. சென்னையில் மின்சாரத்துக்கு முதலில் மாற வேண்டியவை இவைதான். இந்த ஊர் தன் பாரங்களை எப்படியெல்லாம் சுமந்து வந்திருக்கிறது என்பதைத் திரும்பிப் பார்த்தால் அது தெளிவாகும்.

1895 மே 7 அன்று மதராஸில் மின்சார டிராம் ஓடத் தொடங்கியது. இந்தியாவில் அதுதான் முதல். லண்டன் தெருக்களில் அப்போது குதிரைகள் டிராம் இழுத்துக்கொண்டிருந்தன. இங்கே வீடுகளுக்கு மின்சாரம் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே தெருவில் மின்சார வண்டி வந்துவிட்டது. முதலில் மேலே கம்பி கட்டவில்லை. தண்டவாளங்களுக்கு நடுவே தரைக்கு அடியில் ஒரு கால்வாய் தோண்டி, அதற்குள் மின்கடத்தியைப் பதித்தார்கள். பார்வைக்கு அழகான ஏற்பாடு. ஆனால் வடகிழக்குப் பருவமழை என்ற ஒன்று இருப்பதைத் திட்டம் போட்டவர்கள் சரியாகக் கணக்கில் எடுக்கவில்லை. மழை பெய்தால் கால்வாய்க்குள் தண்ணீர் நின்றது. பிறகு மற்ற ஊர்களைப் போலத் தலைக்கு மேல் கம்பி கட்ட வேண்டியதாயிற்று. 1904இல் புதிய கம்பெனி பொறுப்பேற்றது. 1921 வாக்கில் 24 கிலோமீட்டர் பாதையில் 97 வண்டிகள் ஓடின. மயிலாப்பூர்க்காரர்கள் டிராம் ஏறி மவுண்ட் ரோடுக்கும் பாரிமுனைக்கும் வேலைக்குப் போனார்கள்.

1953 ஏப்ரல் 12 அன்று டிராம் நின்றது. மின்சாரம் தோற்றதால் நின்றது என்று சொல்ல முடியாது. பஸ் வந்து போட்டி போட்டது; வரவு குறைந்தது. தண்டவாளமும் வண்டியும் தேய்ந்து புதுப்பிக்க வேண்டிய நேரத்தில் நஷ்டத்தில் இருந்த கம்பெனியால் பணம் போட முடியவில்லை. அரசும் எடுத்து நடத்தவில்லை. ஐம்பத்தெட்டு ஆண்டு ஓடிய ஒரு ஏற்பாட்டில் ஊருக்குப் பிரியம் இருந்தது, பழக்கம் இருந்தது. அடுத்த முப்பது ஆண்டுக்கு யார் செலவு செய்வார் என்பதற்கு மட்டும் பதில் இல்லை. இன்று மின் லாரி பற்றிப் பேசுகிறவர்கள் நடுவே வைக்க வேண்டிய வரலாறு இது என்று நினைக்கிறேன்.

டிராம் ஆட்களைச் சுமந்தது. பாரத்தைச் சுமந்தது பக்கிங்காம் கால்வாய். மயிலாப்பூரை ஒட்டிப் போகும் அந்தக் கால்வாயில் உப்பும் சவுக்கு விறகும் படகில் வந்தன. கரையில் நடந்தபடி ஆட்கள் கயிறு கட்டி இழுப்பார்கள். காற்று ஒத்துழைத்தால் பாய் விரிப்பார்கள். மாட்டு வண்டியில் ஏற்றினால் பல வண்டிகள் வேண்டிய பாரம் ஒரே படகில் வந்து சேரும். 1960களின் நடுவில் அடித்த புயல்களில் சிதைந்த கால்வாய் சீர் செய்யப்படவே இல்லை. பின்னாளில் பறக்கும் ரயிலின் தூண்கள் அதற்குள்ளேயே நின்றன. இன்று திருமயிலை நிலையத்தில் இறங்குகிறவர்கள் காலடியில் ஓடுவது ஒருகாலத்தில் நகரத்தின் சரக்குப் பாதை.

தியாகராய நகருக்கு இன்னொரு கதை. 1920களில் ஏரியைத் தூர்த்து உருவான அந்தக் குடியிருப்பு வளர்ந்ததற்கு மாம்பலம் ஸ்டேஷன் ஒரு பெரிய காரணம். 1931இல் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மீட்டர் கேஜ் பாதையில் மின்சார ரயில் வந்தது. அந்தப் பாதைக்காகத் தென்னிந்திய ரயில்வே சில மின்சார என்ஜின்களையும் வாங்கியது. சரக்கு இழுப்பதும் யார்டில் பெட்டிகளைக் கோப்பதும் அவற்றின் வேலை. மேலே கம்பி இல்லாத யார்டுக்குள் போகும்போது அந்த என்ஜினோடு ஒரு பேட்டரி டெண்டர் சேர்ந்து போகும். கம்பி இருக்கும் இடத்தில் கம்பி, இல்லாத இடத்தில் பேட்டரி. தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பு இந்த ஊரில் சரக்கு இப்படி நகர்ந்திருக்கிறது. இன்றைக்கு நாம் ஹைப்ரிட் என்று வியக்கிற எண்ணம் அப்போதே இங்கே வேலைக்கு வந்துவிட்டது. இதை நம் ஊர்ப் பள்ளிகளில் யாரும் சொல்லித் தருவதில்லை என்பது வருத்தமாக இருக்கிறது.

பிறகு ஏன் டீசல் வென்றது? இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது கரி அடுப்பைப் பின்னால் மாட்டிக்கொண்டு அந்தப் புகையில் பஸ் ஓட்டியவர்கள் நாம். அந்த அவதிக்குப் பின் வந்த டீசல் என்ஜின் வரப்பிரசாதமாகத் தெரிந்ததில் ஆச்சரியமில்லை. மவுண்ட் ரோடு சிம்ப்சன் கம்பெனி பெர்க்கின்ஸ் டீசல் என்ஜின் செய்தது. 1948இல் எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் என்று தொடங்கிய கம்பெனி 1955இல் அசோக் லேலண்ட் ஆயிற்று. அங்கிருந்து கிளம்பிய லாரிகளுக்கு நாமக்கல்லிலும் திருச்செங்கோட்டிலும் சங்ககிரியிலும் பாடி கட்டினார்கள். அதோடு ஒரு முழு உலகமே எழுந்தது: பத்து நிமிடத்தில் டேங்க் நிரப்பும் பங்க், எந்த ஊரிலும் என்ஜினைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்த மெக்கானிக், தவணைக்குப் பணம் கொடுக்கிற ஃபைனான்ஸ்காரர், எட்டு ஆண்டு ஓட்டிய வண்டியை வாங்கிக்கொள்ள ஆள், அவரிடமிருந்து வாங்க இன்னொரு ஆள். ஒன்றிரண்டு லாரி வைத்திருக்கும் முதலாளிக்கு அந்த மறுவிலைதான் சேமிப்பு, மகள் கல்யாணச் செலவு, முடியாத காலத்துக்குக் கைமுதல். ஐந்தாறு ஆண்டு ஓடிய பேட்டரிக்கு என்ன விலை என்று சொல்ல இன்னும் சந்தை இல்லை. மின் லாரி வாங்கத் தயங்குகிறவரைப் பழமைவாதி என்று ஒதுக்குவது அநியாயம்.

மத்திய அரசின் கணக்குப்படி இந்திய வாகனங்களில் லாரிகள் 3 சதவீதம்; ஆனால் போக்குவரத்தின் பசுங்குடில் வாயுக்களில் 42 சதவீதம் அவற்றிலிருந்து வருகிறது. 2025 ஜூலையில் பி.எம். இ-டிரைவ் திட்டத்தில் முதல்முறையாக மின் லாரிக்கு மானியம் வந்தது. மொத்தம் 500 கோடி ரூபாய். ஒரு லாரிக்கு அதிகபட்சம் 9.6 லட்சம், எதிர்பார்ப்பு சுமார் 5,600 லாரிகள். பழைய லாரி ஒன்றை உடைப்புக்குக் கொடுத்ததற்கான சான்றும் காட்ட வேண்டும். நல்ல தொடக்கம். ஆனால் மின் லாரியின் விலை டீசல் லாரியைப் போல இரண்டு, மூன்று மடங்கு இருக்கும்போது இந்த மானியம் இடைவெளியில் ஒரு சிறு பகுதியைத்தான் நிரப்பும். முருகப்பா குழுமத்தின் 55 டன் ரைனோ மின் லாரியில் இருப்பது 282 கிலோவாட் மணி பேட்டரி. ஒரு சார்ஜில் ஏறத்தாழ 200 கிலோமீட்டர். துறைமுகத்துக்கும் கன்டெய்னர் கிடங்குக்கும் நடுவே ஓட இது தாராளம். பெங்களூர் போக வழியில் நின்றாக வேண்டும். சீனாவில் 2024இல் விற்ற கனரக லாரிகளில் பத்துக்கு ஒன்றுக்கும் மேல் மின்சாரம் போன்ற புது எரிசக்தி வண்டிகள். அவற்றில் பல சுரங்கம், துறைமுகம், இரும்பு ஆலை என்று ஒரே தடத்தில் போய்த் திரும்புகிறவை. தடம் தெரிந்த இடத்தில் மின்சாரம் முதலில் காலூன்றுகிறது என்பதை இது காட்டுகிறது.

என்ஜினும் பேட்டரியும் சேர்ந்து ஓட்டும் ஹைப்ரிட் பற்றியும் சொல்ல வேண்டும். 2010 டெல்லி ஆட்டோ எக்ஸ்போவிலேயே அசோக் லேலண்ட் ஹைபஸ் என்ற ஹைப்ரிட் பஸ்ஸைக் காட்டியது. ஒரே வேகத்தில் மணிக்கணக்காக ஓடும் நெடுஞ்சாலை லாரிக்கு ஹைப்ரிட்டால் பெரிய லாபம் இல்லை. பிரேக் போடும்போது வீணாகும் சக்தியைப் பிடித்துத் திருப்பித் தருவதுதான் அதன் வேலை. ஆகவே அடிக்கடி நின்று நின்று கிளம்பும் வண்டிக்கே அது பயன். அப்படி நிற்கிற வண்டி எது?

விடியற்காலையில் மயிலாப்பூர் மாடவீதிப் பக்கம் போய்ப் பாருங்கள். காம்பாக்டர் லாரி ஒரு தொட்டிக்கு முன்னால் வந்து நிற்கும். தொழிலாளர் இருவர் தொட்டியை உருட்டிக்கொண்டு வந்து பின்பக்கக் கொக்கியில் மாட்டுவார்கள். ஒருவர் லீவரை இழுப்பார். அந்தக் கணம் என்ஜின் உறுமும். ஹைட்ராலிக் கை தொட்டியைத் தூக்கிக் கவிழ்க்கும். உள்ளே தகடு இறங்கிக் குப்பையை அழுத்தும். அடியில் கறுப்புத் தண்ணீர் சொட்டும். வண்டி நகராமல் நிற்கிறது, டீசல் எரிகிறது. புகைபோக்கியிலிருந்து சில அடி தூரத்தில் அந்த இருவரும் நிற்கிறார்கள். பிறகு நூறு அடி போய் அடுத்த தொட்டி. இப்படியே தெருத் தெருவாக முடித்து, பாரம் நிறைந்ததும் பெருங்குடி குப்பைக் கிடங்கு. மயிலாப்பூரிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். அடையாறிலிருந்து இன்னும் குறைவு. ஒரு நாளைக்கு மூன்று நடை போனாலும் நூறு கிலோமீட்டருக்குள் அடங்கும். இரவு நிற்கும் இடம் நிச்சயம். நாளை போகும் தெருவும் நிச்சயம். மின்சாரத்துக்கு இதைவிடப் பொருத்தமான கனரக வேலையை இந்த நகரத்தில் காட்ட முடியாது. இங்கிலாந்தின் பர்மிங்காம் நகராட்சி பழைய ஈய பேட்டரியை வைத்துக்கொண்டே பல பத்தாண்டுகள் மின்சாரக் குப்பை லாரி ஓட்டியிருக்கிறது.

2020இல் தேனாம்பேட்டை, கோடம்பாக்கம், அடையாறு உள்ளிட்ட தென் மண்டலங்களின் குப்பை வேலை தனியார் ஒப்பந்தத்துக்குப் போனபோது வீட்டு வாசலுக்குப் பேட்டரி மூன்று சக்கர வண்டிகள் வந்தன. இன்று யாருக்கும் அது புதுமையாகத் தெரியவில்லை. அந்தச் சின்ன வண்டி கொண்டுவந்து கொட்டும் பெரிய வண்டிதான் இன்னும் டீசலில் நிற்கிறது.

தண்ணி லாரிக்கும் இதே கணக்குதான். ஒன்பதாயிரம் லிட்டர் என்றால் ஒன்பது டன். வள்ளுவர் கோட்டம் போன்ற நீர் நிரப்பும் இடத்தில் வரிசையில் நகர்ந்து நகர்ந்து ஏற்றிக்கொண்டு, சில கிலோமீட்டர் போய், தெருத் தொட்டியிலோ சம்ப்பிலோ இறக்கிவிட்டு, காலியாகத் திரும்பும். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த நாட்களில் இந்த லாரிகள்தான் ஊரைப் பிடித்து நிறுத்தின. அவசரத்தில் அவை மோதி உயிர்கள் போனதையும் மறக்க முடியாது. நடைக்கு இவ்வளவு என்று பணம் கொடுத்தால் டிரைவர் பறக்கத்தான் செய்வார். என்ஜினை மாற்றினால் அந்த வேகம் குறையாது. கூலி முறையை மாற்ற வேண்டும். அப்படி மாற்றும்போது வண்டியையும் சேர்த்து மாற்றலாம்.

மாற்றும் வழி புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதும் இல்லை. 2025 ஜூன் 30 அன்று வியாசர்பாடி பணிமனையிலிருந்து மாநகர் போக்குவரத்துக் கழகத்தின் முதல் 120 மின்சார பஸ்கள் கிளம்பின. பஸ்ஸை வாங்கிப் பராமரித்து ஓட்டுவது ஒப்பந்த நிறுவனம். கண்டக்டரும் டிக்கெட் பணமும் கழகத்துடையது. ஓடிய கிலோமீட்டருக்கு நிறுவனத்துக்குக் கட்டணம். பேட்டரியின் ஆயுள் பற்றிய பயம் அதைச் சுமக்கத் தெம்புள்ளவர் தலையில் இருக்கிறது. குடிநீர் வாரியமும் மாநகராட்சியும் லாரிக்கும் இதே முறையில் பத்துப் பன்னிரண்டு ஆண்டு ஒப்பந்தம் போடலாம். மூன்று ஆண்டுக்கு டெண்டர் விட்டு, குறைந்த தொகை கேட்டவருக்குக் கொடுத்தால் பழைய டீசல் லாரிதான் வரும். ஒன்றிரண்டு தண்ணி லாரி வைத்திருக்கிற சின்ன முதலாளிகள் இந்த மாற்றத்தில் நசுங்கிவிடக் கூடாது. வாரியமே வண்டியை வாங்கி அவர்களுக்குக் குத்தகைக்குக் கொடுக்கும் வழியையும் யோசிக்க வேண்டும்.

ஒப்பந்தத்தில் எழுத வேண்டிய இன்னும் இரண்டு விஷயங்கள் உண்டு. முதலாவது மழை. டிராம் கால்வாயில் தண்ணீர் புகுந்த அதே ஊரில்தான் 2015 டிசம்பரில் அடையாறு கரை மீறியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் வேளச்சேரியும் பெருங்குடியும் மூழ்கின. தண்ணி லாரியும் குப்பை லாரியும் மிக அதிகமாகத் தேவைப்படுவது வெள்ளம் வடிந்த மறுநாள் காலையில். சார்ஜ் போடும் இடத்தின் தரைமட்டம் 2015 வெள்ளக் குறிக்கு மேல் இருக்க வேண்டும். கொஞ்சம் லாரிகள் ஹைப்ரிட்டாக இருப்பது வெள்ள வாரத்துக்கான காப்பு. அந்த இடத்தில் நான் ஹைப்ரிட்டை முழு மனதோடு ஆதரிக்கிறேன்.

இரண்டாவது, கரன்ட் எங்கிருந்து வருகிறது என்பது. மயிலாப்பூர் தெருவில் புகை நின்றுவிடும். ஆனால் இரவில் அனல் மின்சாரத்தை இழுத்தால் அந்தப் புகையில் ஒரு பங்கு அனல் நிலையங்களை ஒட்டிய எண்ணூர், அத்திப்பட்டு மக்கள் தலையில் போய் இறங்கும். அவர்கள் ஏற்கெனவே இந்த நகரத்துக்காகச் சாம்பலைச் சுவாசித்தவர்கள். குப்பை லாரிகளில் பெரும்பாலானவை காலை வேலை முடிந்து நண்பகலில் ஓய்கின்றன. தமிழ்நாட்டில் சூரிய மின்சாரம் பெருகி நிற்கும் நேரமும் அதுதான். காலை பதினொன்றிலிருந்து மாலை நான்கு மணிக்குள் சார்ஜ் ஏற்றினால் குறைந்த கட்டணம், இரவில் ஏற்றினால் கூடுதல் கட்டணம் என்று மின்வாரியமும் மாநகராட்சியும் முதல் ஒப்பந்தத்திலேயே எழுதிக் கையெழுத்திட வேண்டும். தேனாம்பேட்டைக்கும் அடையாறுக்கும் அடுத்த டெண்டர் வரும்போது வார்டு கவுன்சிலரிடம் நாம் கேட்க வேண்டியவை இவை: காம்பாக்டர் மின்சாரமா, ஒப்பந்தம் எத்தனை ஆண்டு, டெப்போ எவ்வளவு உயரத்தில், சார்ஜ் எந்த நேரத்தில்.