காலையில் போய் சாயந்திரம் திரும்பும் ஆபரேஷனா?

உடம்பு இளைக்க ஆபரேஷன் செய்துகொள்வது இப்போது பட்டணத்துச் சமாசாரம் மட்டுமல்ல. எங்கள் திருச்செங்கோட்டில் கல்யாணப் பந்தியிலேயே அதைப் பற்றிப் பேசுகிறார்கள். "காலையில போனா சாயந்திரம் வூட்டுக்கு வந்துரலாமுங்க அக்கா, செலவும் கம்மியாமுங்க" என்று எங்கள் தெரு ரிக் வண்டிக்காரர் மனைவி சொன்னபோது, அந்தக் 'கம்மி'தான் என்னை உறுத்தியது. எதைக் குறைத்துச் செலவைக் குறைக்கிறார்களாம்?

இரண்டு ஆபரேஷன்களை நம் பெண்கள் ஒன்றென்றே நினைக்கிறார்கள். தோலுக்கடியில் உள்ள கொழுப்பை உறிஞ்சி எடுப்பது தோற்றத்துக்காக. இரைப்பையைச் சிறிதாக்குவது வேறு. அதில் இரைப்பையின் முக்கால் பாகத்தை வெட்டி எடுத்துவிட்டு, மீதியை வாழைப்பழம் போலக் குழலாக்கி மூடுகிறார்கள். வெளியே தெரியும் காயம் சின்னதுதான். உள்ளே இருக்கும் தையல் வெகு நீளம்.

அந்தத் தையல் அபூர்வமாகக் கசியலாம். காலில் ரத்தம் உறைந்து நுரையீரலை அடைக்கலாம். குறட்டையும் தூக்கத்தில் மூச்சுத் திணறலும் உள்ளவர்களுக்கு ஆபரேஷன் முடிந்த முதல் ராத்திரியே ஒரு கண்டம். வேறு வியாதி இல்லாத, ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே வீடுள்ள சிலரைப் பார்த்து அன்றே அனுப்புவது வெளிநாடுகளில் உண்டு. நாம் கோயம்புத்தூரில் செய்துகொண்டு அன்றே ஊர் திரும்பினால், நடுராத்திரியில் நாடி படபடவென்று அடித்து, மூச்சு வாங்கி, தோள்பட்டை வலித்தால் யாரிடம் ஓடுவது? கசிவு ஒரு வாரம் கழித்துக்கூட வரும்.

2024 ஏப்ரலில் சென்னை பம்மலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் எடை குறைப்பு ஆபரேஷனுக்குச் சேர்ந்த புதுச்சேரி இளைஞர், 26 வயது, இறந்துபோனார். ஆபரேஷனின்போதே நிலைமை மோசமாகி வேறு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டியதாயிற்று. செலவு குறைவு என்றுதான் அங்கே சேர்த்ததாகப் பெற்றவர்கள் சொன்னார்கள். அவசரத்தைச் சமாளிக்க அங்கே வசதி போதவில்லை என்று விசாரணையில் சொல்லி, அரசு அதன் உரிமத்தைத் தற்காலிகமாக நிறுத்தி உத்தரவு போட்டது. 2025 பிப்ரவரியில் திருவனந்தபுரத்தில் ஒரு பெண் வயிற்றுக் கொழுப்பை எடுத்துக்கொண்டு மறுநாளே வீடு திரும்பினாள். கிருமி தாக்கி, கை கால்களில் ஒன்பது விரல்களை எடுக்கும்படி ஆயிற்று. படித்த நாளில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

தனியாரில் 3 லட்சம், 4 லட்சம் ஆவது சகஜம். அந்தத் தொகைக்குள் தீவிர சிகிச்சைப் பிரிவு இருக்கிறதா, மயக்க மருந்து டாக்டர் ராத்திரியும் இருப்பாரா, திரும்ப ஆபரேஷன் செய்ய நேர்ந்தால் யார் செலவு என்று எழுத்தில் கேளுங்கள். கூச்சமே வேண்டாம், புடவைக் கடையில் எத்தனை கேள்வி கேட்கிறோம்!

இன்ஷூரன்ஸ் இருக்கிறதே என்று நம்பிப் போய்விடாதீர்கள். பாலிசிகளின் பொது விதிப்படி, எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து வரும் 'பி.எம்.ஐ.' எண் 40 இருக்க வேண்டும். கடுமையான துணை வியாதி இருந்தால் 35. ஐந்தடி ஓரங்குலம், அதாவது 155 சென்டிமீட்டர் உயரமுள்ள பெண்ணுக்கு அது 96 கிலோ, அல்லது வியாதியோடு 84 கிலோ. பிரசவத்துக்குப் பின் ஏறிய பத்துக் கிலோவுக்கெல்லாம் இந்த ஆபரேஷன் கிடையாது, அம்மிணிகளா! முதலில் தைராய்டும் சர்க்கரையும் பாருங்கள். நம்மூர் அரசு ஆஸ்பத்திரியில் ஆரம்பிக்கலாம்.

உண்மையிலேயே தேவைப்படுகிறவர்களுக்கு இது நல்ல வைத்தியம். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இறங்கியவர்கள் உண்டு. ஆனால் இளம் பெண்கள் ஒன்று கவனிக்க வேண்டும். எடை குறையும்போது, நின்றிருந்த மாதவிலக்கு சீராகி சட்டென்று கரு தங்கிவிடும். ஒரு வருஷம், ஒன்றரை வருஷமாவது பிள்ளை வேண்டாம் என்கிறார்கள் டாக்டர்கள். இரும்புச் சத்து, பி12 மாத்திரைகள் ஆயுசுக்கும் உண்டு. ரத்தப் பரிசோதனையும் அப்படியே. நம் வழக்கப்படி களியை உருட்டி விழுங்குவது அதோடு சரி. ஒவ்வொரு கவளத்தையும் மென்று, ஒரு சின்னக் கிண்ணத்தோடு எழுந்துவிட வேண்டும்.