பொம்மை உலகம், நிஜப் பயம்

1/
"கம்ப்யூட்டர் பொம்மைதானே டாக்டர், அதுக்கு எதுக்கு எத்திக்ஸ் கமிட்டி?"

மெய்நிகர் உலகத்தை மனநலப் பாடத்துக்கும் சிகிச்சைக்கும் ஆராய்ச்சிக்கும் பயன்படுத்துவது பற்றிப் பேசினால் இப்படிக் கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். கொஞ்சம் பொறுமையா படிங்க.

2/
யாருமே இல்லாதப்ப காதில் குரல் கேட்டால் எப்படி இருக்கும்? மாணவர்கள் அதைப் புத்தகத்தில் படிக்கலாம், உணர முடியாது.

அமெரிக்காவில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக மனநல மருத்துவர் பீட்டர் யெல்லோலீஸ், 'செகண்ட் லைஃப்' என்ற இணைய உலகத்துக்குள் ஒரு மருத்துவமனையை அமைத்தார். உள்ளே நடந்தால் குரல்கள் திட்டும். சுவரொட்டியில் இருக்கும் எழுத்து வசவாக மாறும். எல்லாமே நோயாளிகள் சொன்ன அனுபவங்களை வைத்துச் செய்தது.

3/
2006-ல் வெளியான முடிவு: கருத்து சொன்ன 579 பேரில் 76% பேர், குரல் கேட்பது பற்றிய புரிதல் கூடியது என்றார்கள்.

ஆனா ஒண்ணு. புரிஞ்சுதுன்னு சொல்றது வேற, அடுத்த நாள் நோயாளியை மரியாதையா நடத்துறது வேற. இது ஆரம்பம் மட்டுமே.

4/
சிகிச்சைக்கு வருவோம். லண்டனில், மருந்து எடுத்தும் குரல் நிற்காத 150 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது (2018). தன்னை மிரட்டும் குரலுக்கு நோயாளியே திரையில் ஒரு முகம் கொடுப்பார். அந்த முகத்தின் வழியாக சிகிச்சையாளர் பேசுவார். நோயாளி எதிர்த்து நிற்கப் பழகுவார்.

12 வாரத்தில், ஆலோசனை மட்டும் பெற்றவர்களைவிட இவர்களுக்குக் குரலின் தொல்லை நன்றாகக் குறைந்தது. 24 வாரத்தில் அந்த வித்தியாசம் இல்லை. இரண்டையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை.

5/
இப்போ முதல் கேள்விக்கு வரேன்.

1961-ல் யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி மில்கிராம் செய்த சோதனை பலருக்குத் தெரிந்திருக்கும். "தப்பான பதிலுக்கு ஷாக் கொடு" என்றதும் 40 பேரில் 26 பேர் 450 வோல்ட் வரை போனார்கள். ஷாக் பொய், அலறியவர் நடித்தார். ஆனால் கொடுத்தவர்கள் வியர்த்து நடுங்கியது நிஜம். இன்று அதை அப்படியே செய்ய அனுமதி கிடைக்காது.

6/
2006-ல் லண்டனில் மெல் ஸ்லேட்டர் குழு அதையே மெய்நிகர் பெண் உருவத்தை வைத்துச் செய்தது. 34 பேர். அவள் பொம்மை என்பது எல்லோருக்கும் தெரியும். இருந்தும், அவளைப் பார்த்தும் கேட்டும் ஷாக் கொடுத்தவர்களின் உடல், நிஜ ஆளை வதைப்பது போலவே பதறியது.

7/
இங்கேதான் என் கருத்து. வலிக்கும் ஓர் ஆள் எதிரே இல்லாததால் இந்த ஆய்வைச் செய்ய முடிந்தது, நல்லதுதான். ஆனால் பதறிய மனசு பொம்மை இல்லையே! மெய்நிகர் உலகம் பயன்படுவதே அது நம்மை நிஜமாகத் தொடுவதால்தான். அப்போ "விளையாட்டுதானே"ன்னு விதியைத் தளர்த்த முடியாது.

8/
யாராவது உங்களையோ உங்கள் பிள்ளையையோ இப்படி ஒரு ஆய்வுக்கோ சிகிச்சைக்கோ அழைத்தால் நாலு கேள்வி கேளுங்க:

▪️ உள்ளே என்ன நடக்கும்னு முன்னாடியே சொல்வீங்களா?
▪️ பாதியில் வெளியேறலாமா?
▪️ முடிந்ததும் உட்கார்ந்து பேச ஆள் இருப்பாங்களா?
▪️ நான் பேசுறது பதிவாகுதா, அது யார் கைக்குப் போகும்?

பதில் மழுப்பலா இருந்தா, வேண்டாம்னு சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு.

9/
வீட்டில் யாருக்காவது குரல் கேட்டால் ஹெட்செட்டைத் தேடாதீங்க, மனநல மருத்துவரைப் பாருங்க. இந்திய அரசின் இலவச உதவி எண் 14416.