கார் சீட்டை மாற்றினால் போலீஸ் பிடிக்குமா? தொப்பூர் கணவாயில் கேட்க வேண்டிய கேள்வி வேறு

தர்மபுரியிலிருந்து ஓசூருக்கும் பெங்களூருக்கும் வேலைக்காகக் காரில் போய்வரும் இளைஞர்கள் நிறைய. பெங்களூரு என்றால் ஒரு வழிக்கே சுமார் 130 கிலோமீட்டர். சில மாதம் இப்படி ஓட்டினால் இடுப்பு பேச ஆரம்பித்துவிடும். அந்த நேரம் பார்த்து போனில் ஒரு ரீல் வரும். சாதாரண ஸ்விஃப்ட் கார், உள்ளே சிவப்புத் தையல் போட்ட ரேஸ் கார் சீட். ‘நம்ம வண்டிக்கும் இதைப் போட்டா என்ன?’

ஆக்சசரீஸ் கடையில் கேட்டால் வழக்கமான பதில் கிடைக்கும்: “தாராளமா போடலாம் தம்பி, சீட்டையெல்லாம் யாரு பாக்கப் போறாங்க?”

யாரும் பார்ப்பதில்லை என்பது நிஜம்தான். தாராளமாகப் போடலாம் என்பதுதான் இடிக்கிறது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். நம் ஊரில் ‘பக்கெட் சீட்’ என்று கேட்டால் பல கடைகளில் எடுத்துக் காட்டுவது சீட்டே அல்ல, ‘பக்கெட் ஃபிட்’ சீட் கவர். பழைய சீட்டின் மேல் இறுக்கமாகத் தைத்து மாட்டும் உறை அது. அடுத்தது, பார்க்க ரேஸ் சீட் மாதிரி இருந்தாலும் சாய்த்து நிமிர்த்தக்கூடிய ஸ்போர்ட்ஸ் சீட். மூன்றாவதுதான் அசல் ரேஸ் சீட்: முதுகு சாயவே சாயாது, ஒரே ஓடாக வார்த்தது. ரெகாரோ, ஸ்பார்கோ, பிரைட் என்ற பெயர்களில் வரும். நிஜமான ரெகாரோவுக்கு இறக்குமதி வரியையும் சேர்த்தால் ஒரு சீட்டே லட்சத்தைத் தொட்டுவிடும். அதே லோகோவோடு அடிமாட்டு விலைக்கு ஒரு ஜோடி கிடைக்கிறது என்றால், அது எங்கே தயாரானது என்று சொல்லத் தேவையில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

‘ஸ்போர்ட்ஸ் சீட் போடக் கூடாது’ என்று மோட்டார் வாகனச் சட்டத்தில் தனியாக ஒரு வரி கிடையாது. இருப்பது 52-வது பிரிவு. ஆர்சியில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது அது. 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதிசெய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில் 182ஏ பிரிவு சேர்ந்தது. அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் வண்டி உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். வெளியிலிருந்து பாகம் வாங்கிப் பொருத்துவதும் இதில் அடங்கும் என்று அந்தப் பிரிவிலேயே இருக்கிறது.

கார் பிரியர்கள் இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். வண்டியின் அடிப்படை அம்சம் மாறும் அளவுக்கு அமைப்பை மாற்றுவதுதான் ‘மாற்றம்’ என்று அதே 52-வது பிரிவின் விளக்கம் சொல்கிறது. ஆர்சியில் இருப்பது எத்தனை பேர் உட்காரலாம் என்ற எண்ணிக்கை. சீட்டின் பிராண்ட் அல்ல. முன்னால் ரெண்டு சீட்டை எடுத்துட்டு ரெண்டு சீட் போட்டா எண்ணிக்கை எங்கே மாறுது?

நியாயமான வாதம்தான். பின் சீட்டைக் கழற்றி வீசிவிட்டு ரோல் கேஜ் போடுகிறவர் நேராக மாட்டுவார். முன் சீட்டை மட்டும் மாற்றியவருக்கு வாதாட இடம் இருக்கிறது. ஆனால் வாதாட இடம் இருப்பதும் அனுமதி இருப்பதும் ஒன்றல்ல. சீட், அதைத் தரையோடு பிடிக்கும் போல்ட், தலை சாய்மானம், பெல்ட் எல்லாமே சோதித்துச் சான்று வாங்க வேண்டிய பாதுகாப்புப் பாகங்கள். அந்தச் சான்று கம்பெனியில் வந்த சீட்டுக்குத்தான். கடையில் வாங்கியதற்கு இல்லை.

இன்சூரன்ஸ் இன்னொரு தலைவலி. வண்டியில் செய்த மாற்றத்தைத் தெரிவிக்காமல் விட்டால், விபத்துக்குப் பிறகு வரும் சர்வேயர் அதைப் பிடித்துக்கொள்ளலாம். சொந்த வண்டிச் சேதத்துக்கான க்ளெய்ம் அங்கேயே இழுபறியாகும்.

சீட்டுக்கு அடியில் ஒரு மஞ்சள் பிளக்

பத்து வருடத்துக்கு முந்தைய கார் என்றால் நான்கு போல்ட்டைக் கழற்றினால் சீட் கையோடு வந்துவிடும். இப்போது அப்படி இல்லை. 2019 ஜூலையிலிருந்து புதிய கார்களில் முன் சீட் இரண்டுக்கும் பெல்ட் போடச் சொல்லி அலறும் வசதி கட்டாயம். ஹூண்டாய் 2023-லேயே தன் எல்லா கார்களிலும் 6 ஏர்பேக் கொடுத்துவிட்டது. 2024-ல் வந்த புது ஸ்விஃப்ட்டில் பேஸ் மாடலுக்கே 6. இந்த ஆறில் இரண்டு, முன் சீட்டுகளின் பக்கவாட்டுக்குள்தான் மடித்து வைக்கப்பட்டிருக்கின்றன. சீட்டுக்கு அடியில் தெரியும் மஞ்சள் பிளக் அதற்கானது.

சீட்டைக் கழற்றினால் ஏர்பேக்கும் சேர்ந்து போகிறது. டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரியும். அதை அணைக்க ஒரு சின்ன ரெசிஸ்டரை அந்த பிளக்கில் செருகி, ஏர்பேக் இருப்பதாகக் காரை ஏமாற்றுவது தெரிந்த வித்தை. விளக்கு அணைந்துவிடும், ஏர்பேக் திரும்பி வராது. அந்த வண்டியை அடுத்து வாங்குபவருக்கு இது தெரியவும் தெரியாது.

‘நான் கவர்தானே போடறேன்’ என்பவர்களும் கொஞ்சம் நில்லுங்கள். பக்கவாட்டு ஏர்பேக் சீட்டின் தையலைக் கிழித்துக்கொண்டு வெளியே வர வேண்டும். அதன் மேல் தடித்த ரெக்சினை இறுக்கித் தைத்தால் அது தாமதமாகலாம், தவறான பக்கம் விரியலாம். கவர் வாங்கும்போது ஏர்பேக் பக்கத்துக்குத் தனித் தையல் இருக்கிறதா என்று கேளுங்கள். கேள்வியே புரியாத கடையில் வாங்காதீர்கள்.

தொப்பூரில் அடி பின்னாலிருந்து வரும்

தர்மபுரிக்காரர்களுக்கு இதையெல்லாம் தனியாக யோசிக்கக் காரணம் இருக்கிறது. தேசிய நெடுஞ்சாலை 44-ல் சேலம் நோக்கி இறங்கும் தொப்பூர் கணவாயில் விபத்து நடக்கும் விதம் எல்லோருக்கும் மனப்பாடம். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் இறங்கும் லாரி, சூடேறிய பிரேக், முன்னால் ஊர்ந்துகொண்டிருக்கும் வண்டி வரிசை. 2020 டிசம்பரில் இப்படித்தான் ஒரு லாரி வரிசையில் நின்ற வண்டிகள் மேல் ஏறி 4 பேர் இறந்தார்கள். 2024 ஜனவரியில் இரட்டைப் பாலம் அருகே மறுபடியும் 4 பேர்.

பின்னாலிருந்து அடி விழும்போது முன் ஏர்பேக் பெரும்பாலும் விரியாது. பெல்ட்டும் பெரிதாக உதவாது. உடம்பைப் பிடிக்க இருப்பது சீட்டின் முதுகும் தலை சாய்மானமும்தான். முதுகு உடைந்து மல்லாந்தால் ஓட்டுநர் பின் சீட்டை நோக்கிச் சரிவார். பின் சீட்டில் பெரும்பாலும் யார் உட்கார்ந்திருப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

சீட்டின் வலிமைக்கான ஐ.நா. விதி ஆர்17. அதன் ஒரு சோதனையில் புவியீர்ப்பைப் போல 20 மடங்கு விசையை சீட்டும் அதன் பிடிமானமும் தாங்க வேண்டும். 20 கிலோ சீட் என்றால் அந்த நொடியில் அது 400 கிலோ மாதிரி இழுக்கும்; அதில் ஆளே இல்லாமல். பட்டறையில் பட்டைக் கம்பியை வளைத்து வெல்டு வைத்த ‘யூனிவர்சல்’ பிராக்கெட்டை இப்படி யார் சோதித்தார்கள்? வெல்டு வைத்தவர் கெட்டிக்காரராகவே இருக்கலாம். அவருக்கும் தெரியாது என்பதுதான் விஷயம்.

‘அசல் ரேஸ் சீட் வாங்கினால்?’ என்று கேட்கலாம். பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ.-வின் 8855-1999 முத்திரை உள்ள சீட் வலுவானதுதான். ஆனால் அது ரோல் கேஜ், ஹெல்மெட், பல முனை ஹார்னஸ் பெல்ட் எல்லாம் சேர்ந்த காருக்குச் செய்தது. கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயிலும் இருங்காட்டுக்கோட்டையிலும் அது பொருத்தம். ரோல் கேஜ் இல்லாத ரோட்டு காரில் ஹார்னஸ் போட்டுக்கொண்டால், வண்டி உருண்டு கூரை அமுங்கும்போது உடம்பு ஒதுங்க இடமிருக்காது. கம்பெனி மூன்று முனை பெல்ட்டையே போட்டால் சீட்டின் உயரமான ஓரங்கள் இடுப்புப் பட்டையைத் தூக்கிப் பிடிக்கும். பட்டை இடுப்பெலும்பில் படியாமல் வயிற்றில் படியும். அந்த முத்திரைக்கே 5 வருடம்தான் ஆயுள். பெங்களூரு ஜே.சி. ரோட்டிலோ சென்னை புதுப்பேட்டையிலோ செகண்ட் ஹேண்டில் கிடைக்கும் சீட்டின் லேபிளில் தயாரித்த வருடத்தைப் பார்த்தால் பாதி ஆசை அங்கேயே அடங்கிவிடும்.

அப்ப இடுப்பு வலிக்கு என்ன பண்றது?

முதலில் இருக்கிற சீட்டையே சரியாக வைத்துப் பாருங்கள். நிறைய பேர் தேவைக்கு மேல் சாய்த்துக்கொண்டு கையை நீட்டி ஓட்டுகிறார்கள். முதுகை நிமிர்த்தி, முழங்கால் லேசாக மடங்கும் தூரத்தில் சீட்டை நகர்த்தினாலே பெரிய வித்தியாசம் தெரியும். போதவில்லை என்றால், அதே மாடலின் டாப் வேரியன்ட்டில் உயரம் மாற்றும் வசதியுள்ள கம்பெனி சீட் உங்கள் வண்டிக்குப் பொருந்துமா என்று சர்வீஸ் சென்டரில் கேட்கலாம். ஏர்பேக், பெல்ட் பக்கிள், வயரிங் மூன்றும் ஒத்துப்போகிறதா என்பதைப் பில்லிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ரீல் போட அழகாக இருக்காது. பரவாயில்லை.

அரசு பக்கமும் ஒரு குறை உண்டு. மாற்றுத்திறனாளிகள் வண்டியைத் தங்களுக்கேற்ப மாற்றி அனுமதி பெறச் சட்டம் வழி விட்டிருக்கிறது. சிஎன்ஜி கிட்டுக்கும் சான்று நடைமுறை இருக்கிறது. ஜெர்மனியில் சான்றுள்ள சீட்டை வாங்கி, டியூவி போன்ற ஆய்வு அமைப்பிடம் காட்டி முறைப்படி பதிவுசெய்ய முடியும். இங்கே நல்ல சீட்டை நல்ல முறையில் பொருத்த நினைப்பவருக்கு ஆர்டிஓ அலுவலகத்தில் எந்த ஜன்னலுக்குப் போவது என்றே தெரியாது. போலி லோகோ சீட்டும் லட்ச ரூபாய் சீட்டும் சட்டத்தின் முன் ஒரே சந்தேகத்தில் நிற்கும்வரை, விற்பவருக்குப் போலிதான் லாபம். 2023-ல் பெல்ட் அலாரத்தை ஏமாற்றும் கிளிப்புகளை ஆன்லைன் கடைகளிலிருந்து நீக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது. 13,000-க்கும் மேற்பட்ட பட்டியல்கள் போயின. ஏர்பேக் ரெசிஸ்டருக்கும் லோகோ ஒட்டிய சீட்டுக்கும் அந்த வேகம் ஏன் வரக் கூடாது?

இவ்வளவுக்குப் பிறகும் மாட்டியே தீருவேன் என்கிறவர்கள், கழற்றிய கம்பெனி சீட்டைப் பழைய சாமான் கடைக்குத் தள்ளிவிட வேண்டாம். 15 வருடம் முடிந்து ஆர்சி புதுப்பிக்க வண்டியை ஆய்வுக்குக் கொண்டுபோகும் நாளில், டிஎன் 29 நம்பர் வண்டிக்கு அந்த சீட்டைத் தேடி ஊர் ஊராக அலைய வேண்டியிருக்கும்.