வொர்க்ஸ்டேஷன் மயக்கம்

“தொழிலுக்குன்னா ஜியான் எடுத்துக்குங்க சார். சர்வர் பிராசஸர், 56 கோர். சாதா ஐ5 எல்லாம் வீட்டுக்குத்தான் சரி.” சென்னை ரிச்சி தெருவில் பழைய வொர்க்ஸ்டேஷன் விற்கும் கடைகளில் அரை மணி நேரம் நின்றால் இதைக் கேட்டுவிடலாம். கல்யாண வீடியோ எடிட் செய்பவருக்கும், கட்டட வரைபடம் போடும் இன்ஜினியருக்கும், சிவகாசியில் காலண்டர் டிசைன் செய்பவருக்கும் இதே அறிவுரைதான். அந்த மூவர் செய்யும் வேலையும் வேறு வேறு. கடைக்காரர் அதைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்பதில்லை. வாங்க வந்தவரும் கேட்கச் சொல்வதில்லை, ஏனென்றால் அவரும் அதையே நம்பித்தான் படியேறி வந்திருக்கிறார். டெஸ்க்டாப் பிராசஸர் கீழ்ப்படி, வொர்க்ஸ்டேஷன் பிராசஸர் மேற்படி, காசு இருப்பவர் மேலே ஏறிக்கொள்ளலாம் என்ற நம்பிக்கை அது.

அப்படி ஒரு படிக்கட்டே கிடையாது. இரண்டும் வெவ்வேறு வேலைகளுக்காகச் செய்யப்பட்டவை. பெரும்பாலான சிறு தொழில்காரர்களுக்கு வொர்க்ஸ்டேஷன் பிராசஸர் தேவையில்லை. தேவையில்லை என்பதோடு போகாமல், பல நேரங்களில் அது அவர்கள் வேலையை மெதுவாக்கவும் செய்கிறது.

முதலில் அந்த 56. கடைகளில் அதிகம் புழங்குவது இன்டெல் ஜியான் இ5-2680 வி4. 2016-இல் வந்தது. ஒரு பிராசஸரில் 14 கோர். இரண்டு பிராசஸர் போட்ட மதர்போர்டில் 28 கோர். ஒரு கோருக்கு இரண்டு திரெட் என்பதால் விண்டோஸ் 56 என்று காட்டும். திரெட்டைக் கோர் என்று சொல்லி விற்பது ஏமாற்று; இதை வேறு மென்மையான சொல்லால் சொல்ல நான் தயாராக இல்லை. அந்த ஒவ்வொரு கோரின் அடிப்படை வேகம் 2.4 கிகாஹெர்ட்ஸ், உச்சம் 3.3. 2023 தொடக்கத்தில் வந்த ஏஎம்டியின் ரைசன் 5 7600-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 6 கோர்தான், 65 வாட்தான், ஆனால் உச்ச வேகம் 5.1 கிகாஹெர்ட்ஸ். இடைப்பட்ட ஆண்டுகளில் ஒரு கோர் ஒரே துடிப்பில் முடிக்கும் வேலையும் கூடியிருக்கிறது. ஒரு கோருக்கு ஒரு கோர் என்று வைத்துப் பார்த்தால் புதியது ஏறத்தாழ இரண்டு மடங்கு.

28 கோர் எங்கே, 6 கோர் எங்கே என்று கேட்கலாம். இதற்குப் பதில் 1967-இலேயே கிடைத்துவிட்டது. ஐபிஎம்மில் இருந்த ஜீன் ஆம்டால் சொன்ன விதி அது. எந்த வேலையிலும் பல கைகளுக்குப் பிரித்துக் கொடுக்கக்கூடிய பகுதி ஒன்று இருக்கும், ஒருவரே வரிசையாகச் செய்தாக வேண்டிய பகுதி ஒன்று இருக்கும். எத்தனை கைகளைச் சேர்த்தாலும் இரண்டாவது பகுதி குறையாது. கணக்குப் போட்டே பார்ப்போம். புதிய கோர் ஒன்று தனியாக 60 நிமிடத்தில் முடிக்கும் வேலை, அதில் பாதி பிரிக்க முடியாதது. 6 கோர் பிராசஸரில் பிரிக்க முடியாத 30 நிமிடம் அப்படியே இருக்கும், மீதி 30 நிமிடம் ஆறாகப் பிரிந்து 5 ஆகும். மொத்தம் 35 நிமிடம். பாதி வேகம் உள்ள பழைய 28 கோரில் பிரிக்க முடியாத பகுதி மட்டுமே 60 நிமிடம் இழுக்கும், மற்றது 2 நிமிடத்துக்குச் சற்று மேல். ஆக 62 நிமிடம். சரி, வேலையில் 90 சதவீதம் பிரிக்கக்கூடியது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் ஆறு கோரில் 15 நிமிடம், 28 கோரில் ஏறத்தாழ 16. பத்தில் ஒன்பது பங்கு பிரிக்கக்கூடிய வேலையிலேயே பழைய ‘சர்வர்’ ஜெயிக்கவில்லை.

தினசரி வேலையில் 90 சதவீதம் பிரிகிற வேலை எத்தனை? ஆட்டோகேடில் பெரிய வரைபடம் ஒன்றைத் திறந்து ரீஜென் கொடுத்துவிட்டு டாஸ்க் மேனேஜரைப் பாருங்கள். 56 சின்னக் கட்டங்கள் திரையை நிறைத்திருக்கும். அவற்றில் ஒன்றோ இரண்டோ உச்சிக்கு ஏறி நிற்கும். மற்றவை தரையோடு தரையாகக் கிடக்கும். மேலே மொத்தப் பயன்பாடு என்று ஐந்து சதவீதத்துக்குள் ஏதோ ஒரு எண் இருக்கும். இன்ஜினியர் சுட்டியை விட்டுவிட்டுக் காத்திருப்பார். கம்ப்யூட்டர் சும்மா இருக்கிறதே, பின் ஏன் தாமதம் என்று அவருக்குப் புரியாது. சும்மா இருப்பது மற்ற கோர்கள். அவர் காத்திருப்பது அந்த ஒரே ஒரு கோருக்காக, அதுவும் பத்து வருடப் பழைய கோருக்காக. சாலிட்வொர்க்ஸில் மாடல் வரைவது, ரெவிட்டில் பெரும்பகுதி, போட்டோஷாப்பில் ஆல்பம் பக்கங்களை அடுக்கும்போது செய்யும் பல காரியங்கள் எல்லாம் இந்த வகைதான்.

வீடியோ எடிட்டிங்கில் கதை இன்னும் மோசம். இதில்தான் நம் ஊர் ஸ்டுடியோக்காரர்கள் அதிகமாகப் பணத்தை இழக்கிறார்கள். சோனி ஏ7 IV, கேனன் ஆர்6 போன்ற கேமராக்களில் 10 பிட் 4:2:2 நிறத்தில் எச்.265 பதிவு எடுக்கலாம். கோப்பு சிறியது, தரம் நல்லது. ஆனால் அதைப் பிரித்துத் திரையில் காட்டுவது கடினமான வேலை. இதற்கென்றே தனிச் சுற்று ஒன்றை இன்டெல் தன் டெஸ்க்டாப் பிராசஸர்களின் கிராபிக்ஸ் பகுதிக்குள் வைத்திருக்கிறது. குவிக் சிங்க் என்று பெயர். 2011-இல் அறிமுகமானது, 2021-இல் வந்த 11-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர் முதல் எச்.265 10 பிட் 4:2:2-வையும் அதுவே பிரித்துவிடும். ஜியான் இ5-இல் கிராபிக்ஸ் பகுதியே கிடையாது. ஏஎம்டியின் வொர்க்ஸ்டேஷன் பிராசஸரான த்ரெட்ரிப்பரிலும் கிடையாது. நல்ல என்விடியா கார்டு போட்டிருக்கிறேனே என்று சொல்பவர்கள் உண்டு. 2025-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 50 வரிசைக்கு முந்தைய என்விடியா கார்டு எதுவும் 4:2:2-வைப் பிரிக்காது. ஆகவே 28 கோர்களும் மூச்சுமுட்ட அந்தக் கோப்பைப் பிரிக்க வேண்டியிருக்கிறது. தாலி கட்டும் காட்சியில் மூன்று கேமரா ஆங்கிளை அடுக்கி வைத்து ஓடவிட்டால் டைம்லைன் நின்று நின்று நகர்கிறது. பக்கத்துக் கடையில் ஐ5 வைத்திருக்கும் பையன் அதே கோப்பைத் தங்குதடையின்றி ஓட்டுகிறான். ஜியான் வாங்கியவர் புராக்ஸி (எடிட்டிங்குக்கான சிறிய நகல் கோப்பு) போட்டு, அது முடியும்வரை காத்திருந்து, பிறகு வேலையைத் தொடங்குகிறார். முகூர்த்த மாதத்தில் இப்படி எத்தனை இரவுகள் போகின்றன என்று ஸ்டுடியோ வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். ஒன்றைச் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்: இன்டெல்லில் பெயரின் கடைசியில் ‘எஃப்’ எழுத்து இருந்தால் அதில் கிராபிக்ஸ் பகுதி இயங்காது. கொஞ்சம் விலை குறைகிறதே என்று எடிட்டர்கள் அதை வாங்கக் கூடாது.

பழையதை வாங்குவதுதானே தவறு, புதிய த்ரெட்ரிப்பர் வாங்கினால் சரிதானே என்பது அடுத்த வாதம். 2018-இல் ஏஎம்டி 32 கோர் த்ரெட்ரிப்பர் 2990டபிள்யூஎக்ஸை 1,799 டாலருக்கு விற்றது. அதன் தம்பியான 16 கோர் 2950எக்ஸ் 899 டாலர். பெரியதற்குள் நான்கு சில்லுகள், அவற்றில் இரண்டுக்கு ராமோடு நேரடி இணைப்பே இல்லை. பக்கத்துச் சில்லு வழியாகத்தான் போய்வர வேண்டும். விண்டோஸும் அந்த அமைப்பைச் சரியாகக் கையாளவில்லை. விளைவாக, பல மென்பொருள்களில் பாதி விலைத் தம்பி அண்ணனை முந்தியது. 2020-இல் 3,990 டாலருக்கு வந்த 64 கோர் 3990எக்ஸில் வேறு சிக்கல். 128 திரெட்டை விண்டோஸ் 64, 64 என்று இரண்டு குழுவாகப் பிரித்தது. அதை அறியாத மென்பொருள்கள் ஒரு குழுவுக்குள்ளேயே அடங்கிவிட்டன. பிறகு வந்த தலைமுறைகளில் இவை பெரிதும் சரிசெய்யப்பட்டன, உண்மைதான். ஆனால் 4,999 டாலர், அதாவது நம் பணத்தில் 4 லட்சத்துக்கு மேல், விலையில் 2023-இல் வந்த 64 கோர் 7980எக்ஸின் உச்ச வேகம் 5.1 கிகாஹெர்ட்ஸ். 699 டாலருக்கு வந்த 16 கோர் ரைசன் 9 7950எக்ஸின் உச்ச வேகம் 5.7. இரண்டுக்குள்ளும் இருப்பது ஒரே ஜென் 4 கோர்கள். இதில் இரண்டு சில்லு, அதில் எட்டு. ஒரு கோரை நம்பி ஓடும் மென்பொருளில் விலை ஏழு மடங்கு கொடுத்தவருக்குக் கிடைப்பது குறைந்த வேகம்.

‘சர்வர் சிப் என்றால் உறுதி, 24 மணி நேரமும் ஓடும்’ என்பதும் இப்படித்தான். 2024 மே மாதம் ஏஎம்டி எபிக் 4004 என்ற சர்வர் வரிசையை வெளியிட்டது. அது உட்காருவது சாதாரண ரைசன் உட்காரும் ஏஎம்5 சாக்கெட்டில்தான். உள்ளே இருப்பதும் அதே ஜென் 4. இன்டெலின் ஜியான் இ-2400 வரிசையும் டெஸ்க்டாப் பிராசஸரின் உடன்பிறப்புதான். பெயரில் சர்வர் என்று எழுதினால் சிலிக்கானுக்குப் புது பலம் வந்துவிடாது. டெஸ்க்டாப் பிராசஸர்களிலும் கோளாறு வரும் என்பதை நான் மறைக்கவில்லை. இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை உயர்ரகங்கள் மின்னழுத்தச் சிக்கலால் பழுதாகி, 2024 ஆகஸ்டில் திருத்தம் வெளியிட்டு, உத்தரவாதத்தை இரண்டு ஆண்டு நீட்டிக்க வேண்டியிருந்தது. அந்த வரிசை வைத்திருப்பவர் பயாஸைப் புதுப்பித்தாக வேண்டும். அதற்காகப் பத்து வருடம் எங்கோ ஒரு டேட்டா சென்டரில் ஓடிக் களைத்த பிராசஸரை, யார் செய்ததென்றே தெரியாத மதர்போர்டில் மாட்டி வாங்குவது எந்த வகையில் உறுதி?

உறுதி என்ற பேச்சில் நியாயமான பகுதி ஒன்று உண்டு. அது இசிசி ராம். ராமில் ஒரு பிட் புரண்டாலும் கண்டுபிடித்துத் திருத்துவது. டொரண்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பியாங்கா ஷ்ரோடர் கூகுள் ஆட்களோடு சேர்ந்து 2009-இல் வெளியிட்ட ஆய்வில், ஓராண்டுக்குள் 8 சதவீதத்துக்கு மேற்பட்ட ராம்களில் பிழை பதிவானது தெரிந்தது. நாள்கணக்கில் ஓடும் கணக்கீடு, வங்கித் தரவு, ஆராய்ச்சி முடிவு என்றால் இசிசி வேண்டும். ஆனால் இதற்காகவும் வொர்க்ஸ்டேஷன் பிராசஸருக்குப் போக வேண்டியதில்லை. 12-ஆம் தலைமுறை முதல் பல இன்டெல் டெஸ்க்டாப் பிராசஸர்கள் டபிள்யூ680 சிப்செட் மதர்போர்டில் இசிசியை ஏற்கின்றன. ரைசனிலும் பல போர்டுகளில் ஓடும். இசிசியை விலை உயர்ந்த வரிசைக்குள் பூட்டி வைத்ததற்காக லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2021 தொடக்கத்தில் இன்டெலைக் கடுமையாகச் சாடினார். அவர் சொன்னது சரி.

அதே டோர்வால்ட்ஸ் 2020-இல் 32 கோர் த்ரெட்ரிப்பருக்கு மாறினார். தன் சோதனைத் தொகுப்புகள் மூன்று மடங்கு வேகமானதாக எழுதினார். அவருக்கு அது தேவை. ஆயிரக்கணக்கான கோப்புகளைத் தனித்தனியாகக் கம்பைல் செய்யும் வேலை கோர்களுக்குள் அழகாகப் பிரியும். நான்கு கிராபிக்ஸ் கார்டு போட்டு ஏஐ மாடல் பயிற்றுவிப்பவருக்கும் தேவை, ஏனென்றால் டெஸ்க்டாப் பிராசஸரில் இருபது சொச்சம் பிசிஐஇ தடங்கள்தான். த்ரெட்ரிப்பர் புரோ 7000 வரிசையில் 128. காற்றோட்டம், கட்டுமான அழுத்தம் போன்ற சிமுலேஷன் ஓட்டுபவருக்கும் தேவை. அவர்களுடைய வேலை ராமிலிருந்து தரவு வந்து சேரும் வேகத்தை நம்பி இருக்கிறது, எட்டுச் சேனல் டிடிஆர்5-5200 வினாடிக்கு 332.8 ஜிபி தரும், டெஸ்க்டாப்பின் இரண்டு சேனலில் அதில் கால் பங்கு. இவர்களுக்குக் காசு வீணல்ல. இவர்கள் வாங்குவது அகலம். அந்த அகலத்தை வேகம் என்று பெயர் மாற்றி மற்றவர்களிடம் விற்பதைத்தான் எதிர்க்கிறேன். அதற்குத் துணைபோவது சினிபெஞ்ச் மதிப்பெண்ணை மட்டும் காட்டி வீடியோ போடுபவர்கள். சினிபெஞ்ச் அளப்பது 3டி ரெண்டரிங்கை. படத்தைத் துண்டு துண்டாக வெட்டி எத்தனை கோருக்கும் கொடுக்கலாம். அந்த வேலையைக்கூட பிளெண்டர் பயன்படுத்துபவர்களில் பலர் கிராபிக்ஸ் கார்டுக்கு மாற்றி வெகுகாலமாகிறது.

“இப்போதே பெரிதாக வாங்கிவிட்டால் பத்து வருஷத்துக்குக் கவலை இல்லை” என்பது எல்லாவற்றிலும் எனக்கு அதிக வருத்தம் தருகிற வாதம், ஏனென்றால் நகைக் கடன் வாங்க வைப்பது இந்த வாதம்தான். நடந்ததைப் பாருங்கள். 2017-இல் ஏஎம்4 மதர்போர்டோடு சாதாரண ரைசன் வாங்கியவர்களில் பலர், 2022-இல் பயாஸை மட்டும் புதுப்பித்து அதே போர்டில் ரைசன் 5000 மாட்டிக்கொண்டார்கள். அதே 2017-இல் த்ரெட்ரிப்பர் வாங்கியவரின் மதர்போர்டு 2019-இல் முடிந்துபோனது. மூன்றாம் தலைமுறைக்குப் புதிய சாக்கெட். அந்தப் புதிய சாக்கெட்டில் காசு போட்டவருக்கு அடுத்த தலைமுறையே வரவில்லை, வந்தது புரோ மட்டும், அதுவும் வேறு சாக்கெட்டில். பழைய ஜியான் வாங்குபவர்கள் நிலை இதைவிடக் கடினம். இ5 வி4 விண்டோஸ் 11-இன் அதிகாரபூர்வப் பட்டியலில் இல்லை. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. இதை பில்லில் எழுதிக் கொடுக்கும் கடை ஒன்றையும் நான் பார்க்கவில்லை.

வாங்கப் போகிறவர் செய்ய வேண்டியது ஒன்றுதான். உங்களுடைய ஆகக் கனமான புராஜெக்ட்டை, கேமராவிலிருந்து வந்த அசல் கோப்புகளோடு, ஒரு எஸ்எஸ்டியில் போட்டுக் கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். அந்த மெஷினில் திறக்கச் சொல்லுங்கள். ஆல்பமாக இருந்தால் நீங்கள் தினமும் தட்டும் அதே ஆக்‌ஷனை ஓட்டுங்கள், வரைபடமாக இருந்தால் ரீஜென் கொடுங்கள், வீடியோவாக இருந்தால் மூன்று ஆங்கிளையும் புராக்ஸி இல்லாமல் ஓடவிடுங்கள். பக்கத்தில் ஒரு புதிய ஐ5-ஐயும் வைத்து அதே கோப்பை ஓட்டுங்கள். இதற்கு ஒத்துக்கொள்ளாத கடையில் எந்தப் பிராசஸரும் வாங்காதீர்கள். பில்லில் கோர் எத்தனை, திரெட் எத்தனை, பிராசஸர் வெளிவந்த ஆண்டு எது என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள்.