மாதிரி சட்டமன்றம்: மாணவர்களின் மசோதா தோற்றால்தான் என்ன?

2017 ஜூன் மாதம். அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத் தலைநகர் ஆஸ்டின். 17 வயதுப் பையன்கள் நிறைந்த ஒரு சட்டமன்றம் மசோதா ஒன்றை ஓட்டெடுப்பில் நிறைவேற்றியது. என்ன மசோதா தெரியுமா? டெக்சஸ் இனி அமெரிக்காவோடு இருக்க வேண்டாம், தனி நாடாகப் பிரிந்துவிடலாம்!

நல்லவேளை, அது நிஜ சட்டமன்றம் இல்லை. ‘பாய்ஸ் ஸ்டேட்’ என்ற பெயரில் வருடா வருடம் நடக்கும் மாதிரி அரசாங்க முகாம். ஆனாலும் செய்தி தீயாய்ப் பரவியது. அதைப் படித்த இரண்டு இயக்குநர்கள் அடுத்த வருடம் கேமராவோடு அதே முகாமுக்குப் போனார்கள். அப்படி உருவான ‘பாய்ஸ் ஸ்டேட்’ ஆவணப்படம் 2020-ல் சன்டான்ஸ் விழாவில் பெரிய விருதை வென்றது.

அது சரி, பள்ளிப் பசங்களுக்கு எதுக்கு சட்டமன்றம்?

90 வருடப் பழக்கம்

அமெரிக்க முன்னாள் ராணுவ வீரர்களின் அமைப்பான ‘அமெரிக்கன் லீஜன்’ 1935-ல் இல்லினாய் மாநிலத்தில் பாய்ஸ் ஸ்டேட்டைத் தொடங்கியது. மாணவிகளுக்கு ‘கேர்ள்ஸ் ஸ்டேட்’ தனியாக உண்டு. வந்தவர்களை இரண்டு கட்சிகளாகப் பிரித்துவிடுவார்கள். கொள்கை எதுவும் கையில் கொடுக்க மாட்டார்கள், அதையும் அவர்களே உட்கார்ந்து எழுத வேண்டும். பிறகு பிரசாரம், தேர்தல். உச்சப் பதவி கவர்னர். (அங்கே கவர்னர் என்றால் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பவர், கிட்டத்தட்ட நம்ம முதல்வர் மாதிரி.) 1963-ல் இதன் தேசிய முகாமுக்கு வந்து அதிபர் கென்னடியிடம் கைகுலுக்கிய ஒரு மாணவர், 30 வருடம் கழித்து அதே வெள்ளை மாளிகைக்கு அதிபராக வந்தார். பெயர் பில் கிளின்டன்.

ஒய்.எம்.சி.ஏ. நடத்தும் ‘யூத் அண்ட் கவர்ன்மென்ட்’ இன்னொரு திட்டம். 1936-ல் நியூயார்க் மாநிலத்தில் ஆரம்பித்து மற்ற மாநிலங்களுக்கும் பரவியது. பல மாநிலங்களில் நிஜ சட்டமன்றத்திலேயே, எம்.எல்.ஏ.க்கள் உட்காரும் அதே நாற்காலிகளில் மாணவர்கள் உட்காருகிறார்கள்.

பி.டி. பீரியட் மசோதா

இது எப்படி வேலை செய்கிறது என்பதை நமக்குப் பழக்கமான ஒரு பிரச்சினையை வைத்துப் பார்க்கலாம். ‘பி.டி. பீரியடை வேறு பாட ஆசிரியர் எடுத்துக்கொள்ளக் கூடாது’ என்று ஒரு மாணவி மசோதா எழுதுகிறார் என்று வையுங்கள். வகுப்பில் கைதட்டல் நிச்சயம். ஆனால் மசோதா முதலில் போவது குழுவுக்கு. அங்கே கேள்விகள் வரும். போர்ஷன் முடியலைன்னா யார் பொறுப்பு? மீறினால் என்ன தண்டனை, அதை யார் கொடுப்பது? பி.டி. ஆசிரியரே இல்லாத பள்ளியில் என்ன செய்வீங்க?

பதில் இல்லையென்றால் மசோதா அங்கேயே நின்றுவிடலாம். தாண்டி வந்தால் ஒருவர் எழுந்து, ‘பத்தாவது, பிளஸ் டூவுக்கு மட்டும் விலக்கு’ என்று திருத்தம் கேட்பார். ஒப்புக்கொண்டால் நாலு ஓட்டு கூடும், ஆனால் மசோதாவின் உயிரே போய்விடும். ஒப்புக்கொள்வதா, வேண்டாமா? அந்த மாணவிதான் முடிவெடுக்க வேண்டும். ஓர் அவை தாண்டினால் இன்னோர் அவை. அங்கேயும் ஜெயித்தால் மாணவ கவர்னரின் கையெழுத்து, அல்லது நிராகரிப்பு.

எந்தக் கட்டத்திலும் தோற்கலாம் என்பதுதான் இந்த விளையாட்டின் மொத்த சாரமும்.

நம்ம ஊரில்?

இந்தியாவிலும் இது புதுசு இல்லை. மத்திய நாடாளுமன்ற விவகார அமைச்சகம் 1966-67-ல் டெல்லி பள்ளிகளில் இளைஞர் நாடாளுமன்றப் போட்டியைத் தொடங்கியது. பிறகு கேந்திரிய வித்யாலயாக்களுக்கும் வந்தது. 2021 நவம்பர் 14 அன்று ராஜஸ்தான் சட்டமன்றத்தில் குழந்தைகளே உறுப்பினர்களாக உட்கார்ந்து கேள்வி நேரம் நடத்தினார்கள்.

ஆனால் இங்கே இது பெரும்பாலும் போட்டி. ஒழுக்கத்துக்கு மார்க், நடைமுறைக்கு மார்க், பேச்சுக்கு மார்க். மார்க் என்று வந்துவிட்டால் ஸ்கிரிப்ட் வந்துவிடும். ‘அமைச்சர்’ பதிலை மனப்பாடம் செய்கிறார். மடக்குவதற்கான துணைக் கேள்வியும் ஏற்கெனவே எழுதித் தரப்பட்டதுதான். எதிர்க்கட்சி எந்த நிமிடம் வெளிநடப்பு செய்யும் என்பதுகூட ஒத்திகையில் முடிவாகிவிடும். கடைசியில் ‘ஏற்போர் ஆம் என்க, மறுப்போர் இல்லை என்க’. முடிவு என்ன என்பது எல்லாருக்கும் முந்தின நாளே தெரியும்.

இதை வெட்டி வேலை என்று சொல்லிவிட முடியாது. மைக்கையே பிடித்திராத ஒரு மாணவி நூறு பேர் முன்னால் நிமிர்ந்து பேசுவது சின்ன விஷயமா என்ன? ஆனால் அது பேச்சுப் போட்டியிலேயே கிடைக்கும். எதிரில் இருப்பவர் என்ன கேட்பார் என்று தெரியாமல் நிற்பதும், தன் பக்கம் எத்தனை ஓட்டு என்று எண்ணுவதும், தோற்ற பிறகும் அடுத்த மசோதா விவாதத்துக்கு வந்து உட்காருவதும்தான் சட்டமன்றத்தில் மட்டும் கிடைக்கிற பாடம்.

பயம் எங்கே இருக்கிறது?

ஸ்கிரிப்டைத் தூக்கிப் போட்டால் பசங்க ஏடாகூடமா ஏதாவது பேசிடுவாங்களே என்பது பள்ளிகளின் கவலை. சாதி பற்றி ஒரு வார்த்தை, நீட் பற்றி ஒரு தீர்மானம், யாரோ எடுத்த வீடியோ. சாயங்காலத்துக்குள் தலைமையாசிரியருக்கு மேலே இருந்து போன் வரும். இந்தப் பயம் கற்பனை இல்லை.

சுதந்திரமாக விட்டால் எல்லாம் நல்லதே நடக்கும் என்றும் இல்லை. அதே ஆவணப்படத்தில் ஒரு மாணவர் மேடையில் கருக்கலைப்பை எதிர்த்து முழங்கிக் கைதட்டல் வாங்குகிறார். பிறகு கேமராவிடம், தன் சொந்தக் கருத்து அது இல்லை என்று ஒப்புக்கொள்கிறார். கூட்டத்துக்குப் பிடித்ததைப் பேசினால் ஓட்டு விழும் என்பதை 17 வயதிலேயே கண்டுபிடித்துவிட்டார்! பெரியவர்களைப் பார்த்துத்தானே கற்றிருப்பார்.

ஆனால் இந்த ஆபத்துகள் 18 வயது ஆனதும் மறைந்துவிடப் போவதில்லை. அன்றைக்கு அவர் கையில் இருக்கப்போவது நிஜ ஓட்டு. தவறான மசோதாவுக்குக் கை தூக்கிவிட்டு, ‘ச்சே, யோசிக்காம பண்ணிட்டோமே’ என்று வருத்தப்பட பள்ளி அரங்கத்தைவிடப் பத்திரமான இடம் ஏது?

ஒரேயடியாக நீட்டில் ஆரம்பிக்க வேண்டிய அவசியமும் இல்லை. கழிப்பறை, காலை 8 மணி பஸ், அந்த பி.டி. பீரியட் என்று தொடங்கலாம். ஒரே ஒரு மாற்றம் போதும்: ஓட்டெடுப்பின் முடிவை யாரும் முன்கூட்டியே எழுதக் கூடாது.

நிறைவேறிய தீர்மானத்துக்கு ஒரு முகவரியும் இருக்கிறது. தமிழ்நாடு சட்டமன்றத்தில் மனுக்கள் குழு என்று ஒன்று உண்டு. மாவட்டங்களுக்கு நேரில் வந்து, நீண்ட நாள் தீராத பொதுப் பிரச்சினைகள் பற்றி மனு வாங்கும் குழு அது. ஊருக்கு வராத அந்த 8 மணி பஸ், ஓட்டெடுப்பில் ஜெயித்தால், தலைமையாசிரியரோ பெற்றோரோ கையெழுத்துப் போட்டு அங்கே அனுப்பலாம்.